மைசெல்ஃப் மோனா அகமது (நூல்)

மைசெல்ஃப் மோனா அகமது என்பது இந்திய ஒளிப்படக் கலைஞர் தயாநிதா சிங் உருவாக்கிய ஒளிப்பட நூல் ஆகும். தில்லியில் வாழ்ந்த மோனா அகமது என்ற ஹிஜ்ராவின் வாழ்க்கையை இது கூறுகிறது. வட இந்தியாவில் குரு-சீடர் மரபில் கூடி வாழும் திருநங்கையர் ஹிஜ்ரா எனப்படுவர். இந்நூலை 2001 இல் ஸ்காலோ பதிப்பகம் வெளியிட்டது.

பின்னணி

1989 இல் இலண்டன் டைம்ஸ் நாளிதழுக்காகத் தயாநிதா மோனாவைப் படமெடுத்தார். பிரித்தானியாவிலுள்ள தம் உறவினர் பார்த்துவிடக்கூடும் என அஞ்சிய மோனா, படச்சுருள்களைத் திருப்பிக் கேட்டார். தயாநிதா அவற்றைக் கொடுத்துவிட்டார். இருவரின் நீண்ட நட்பு இதிலிருந்தே தொடங்கியது.

உள்ளடக்கம்

மோனா ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார். அதன் பிறந்தநாள்கள் பெரும் விருந்துகளுடன் கொண்டாடப்பட்டன. பின்னர் குழந்தை அவரிடமிருந்து பிரிக்கப்பட்டது. தம் சமூகத்திலிருந்தும் விலக்கப்பட்ட மோனா, முன்னோர் அடக்கம் செய்யப்பட்ட இடுகாட்டிலேயே குடியேறினார். இம்மகிழ்ச்சியும் இழப்பும் நூலின் படங்களில் பதிவாகியுள்ளன.

பதிப்பாளர் வால்ட்டர் கெல்லருக்கு மோனா அனுப்பிய மின்னஞ்சல்களே நூலின் உரையாக அமைந்துள்ளன. தாம் பெண்ணாக மாற முயலும் ஆண் அல்லர், மூன்றாம் பாலினத்தவர் என்பது அவரது நிலைப்பாடு. இவ்வாறு, படமெடுக்கப்பட்டவரே தம் கதையைக் கூறுவது இந்நூலின் சிறப்பாகும்.

பிற்காலம்

மோனாவைப் பற்றிய தயாநிதாவின் அசையும் பட ஆக்கம் 2013 வெனிஸ் பியனாலேயின் ஜெர்மானிய அரங்கில் இடம்பெற்றது. மோனா 2017 இல் காலமானார். தயாநிதா 2022 ஆம் ஆண்டுக்கான ஹாசல்பிளாட் விருதைப் பெற்றார்.