பற்றரி கிடைக்காத காலத்து மணிக்கூடுகள்

கைமணிக்கூடு சேகரிக்கிற ஆக்களிட்டப் போய் "குறைஞ்ச காசில நல்ல மணிக்கூடு எது?" எண்டு கேட்டால், எந்த நாட்டிலயும் கிட்டத்தட்ட ஒரே பெயர்களைத்தான் சொல்லுவார்கள். யப்பானின் சீக்கோ 5, கசியோ எஃப்-91டபிள்யூ, இந்தியாவின் எச்.எம்.டி. ஜனதாவும் பைலட்டும். லட்சக்கணக்கில் விலைபோகிற சுவிஸ் மணிக்கூடு வைத்திருப்பவர்கள்கூட இதில ஒண்டைப் பெட்டிக்குள்ள பத்திரமாக வைத்திருப்பார்களாம். இதை முதலில் வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதெல்லாம் எங்கட வீட்டு அலுமாரிக்குள்ள, பழைய அடையாள அட்டையோடயும் பாங்குப் புத்தகத்தோடயும் கிடக்கிற சாமான் எல்லோ!

நறுவிலிக்குளத்தில் இவற்றை ஒருவரும் "கிளாசிக்" எண்டு வாங்கவில்லை. மாமா குவைத்தில இருந்து கொண்டுவந்தது, அப்பப்பா மண்டபம் முகாமால திரும்பி வரேக்க கட்டிக்கொண்டு வந்தது என்று அவை வந்து சேர்ந்தன. சேகரிப்பாளர்கள் இவற்றைப் புகழும்போது பொறியையும் வடிவமைப்பையும் பற்றிப் பேசுகிறார்கள். அது சரிதான். ஆனால் மன்னார்க் கரையில் ஒரு மணிக்கூடு நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானித்தவை வேறு இரண்டு கேள்விகள். அது எதில் ஓடுகிறது? அதில் யாருடைய நேரம் வைத்திருக்கிறாய்?

முதலில் பொறியைப் பார்ப்போம்.

சீக்கோ 5 வந்தது 1963 இல். அந்த ஐந்து என்பது ஐந்து வாக்குறுதி: தானே முறுக்கிக்கொள்ளும், கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் தெரியும், தண்ணி தாங்கும், திருகுக்குமிழ் நாலு மணிப் பக்கமாக உள்ளொடுங்கி இருக்கும், கூடும் வாரும் உறுதியாக இருக்கும். உள்ளே அரைவட்டமான ஒரு எடை, கை ஆட ஆடச் சுழலும். சீக்கோ 1959 இல் உருவாக்கிய "மாய நெம்புகோல்" என்ற சின்னப் பாகம், அந்த எடை எந்தப் பக்கம் சுழன்றாலும் சுருள்வில்லை முறுக்கிவிடும். மற்றக் கொம்பனிகள் பல சக்கரம் வைத்துச் செய்த வேலையை இது ஒரு கவட்டைத் தடிபோன்ற துண்டால் செய்தது. விலை குறைந்ததும் பழுது குறைந்ததும் அதனால்தான். 1996 இல் வந்த 7எஸ்26 பொறியில் கையால் முறுக்குகிற வசதியே கிடையாது. நின்றுபோனால் எடுத்து ஆட்ட வேண்டியதுதான். கழற்றி வைத்தால் ஏறக்குறைய 40 மணித்தியாலம் ஓடும்.

துல்லியம்? நாளுக்கு 20 செக்கன் பிந்தலாம், 40 செக்கன் முந்தலாம் எண்டு கொம்பனியே சொல்லிவிடுகிறது. மலிவான ஒரு பற்றரி மணிக்கூடு மாதத்துக்கே 30 செக்கனுக்குள்தான் பிழைக்கும். ஆக, சேகரிப்பாளர்கள் கொண்டாடுகிற மணிக்கூடு நேரம் காட்டுவதில் பின்தங்கியதுதான். அவர்களும் அதை மறைப்பதில்லை.

எச்.எம்.டி.யின் கதை கடலுக்கு அந்தப் பக்கம். 1953 இல் இந்திய அரசு பெங்களூரில் இயந்திரக் கருவிகள் செய்ய ஆரம்பித்த நிறுவனம் அது. 1961 இல் யப்பானின் சிற்றிசன் கொம்பனியோடு சேர்ந்து மணிக்கூடு செய்யத் தொடங்கியது. நேரு கையால் வெளியிட்ட மணிக்கூடு. ஜனதா என்றால் மக்கள். 17 கல் வைத்த பொறி, தினமும் சாவி குடுக்க வேணும். (கல் எண்டால் நகைக்கல் இல்லை. அச்சுகள் தேயாமல் இருக்க வைக்கிற செயற்கை மாணிக்கம்.) பைலட் கறுப்பு முகம். தேவநாகரி எழுத்தில் இலக்கம் போட்ட ஜனதாவும் இருந்தது, பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்கிற பிரெயில் மணிக்கூடும் இருந்தது. ஒரு அரசாங்கக் கொம்பனி இப்படி யோசித்தது எங்களுக்கு இன்றைக்கும் பிடிக்கிற விஷயம்.

அதை விழுத்தியது குவாட்ஸ். 1969 டிசம்பர் 25 அன்று தோக்கியோவில் சீக்கோ வெளியிட்ட அஸ்ட்ரோன்தான் உலகின் முதல் குவாட்ஸ் கைமணிக்கூடு. விலை 450,000 யென், அந்தக் காலத்தில் ஒரு காரின் விலை. மின்னோட்டம் பட்டால் குவாட்ஸ் பளிங்கு அதிரும். அதைச் செக்கனுக்கு 32,768 தடவை அதிரும்படி வெட்டுகிறார்கள். ஏன் அந்த இலக்கம்? அதைப் பதினைந்து தடவை இரண்டால் வகுத்தால் சரியாக ஒன்று வரும். அதாவது ஒரு செக்கன். அவ்வளவு சுலபமான கணக்கு. பத்துப் பதினைந்து வருடத்தில் கார் விலை மணிக்கூடு சந்தையில் கூறு கட்டி விக்கிற சாமான் ஆகிவிட்டது. சுவிஸ்காரர்களின் தொழில் ஆட்டம் கண்டது. 1970 அளவில் 90,000 பேர் வேலை செய்த இடத்தில் 1980 களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கினர்தான் மிஞ்சினார்கள்.

இந்தியாவில் இந்த மாற்றத்தைச் சரியாகக் கணித்தது தமிழ்நாட்டில் தொடங்கிய கொம்பனி. 1984 இல் டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் கூட்டாக உருவாக்கியது டைட்டன். தொழிற்சாலை ஓசூரில். பெயரிலேயே டாடா இண்டஸ்ட்ரீஸும் தமிழ்நாடும் இருக்கின்றன. டைட்டன் குவாட்ஸை நம்பி இறங்கியது. எச்.எம்.டி. சாவி குடுக்கிற மணிக்கூட்டை விடமுடியாமல் இருந்தது. 2014 இல் மூடப்போகிறார்கள் எண்டு செய்தி வந்ததும் அதுவரை திரும்பியும் பாராத சனம் கடைகளில் முண்டியடித்தது. 2016 சனவரியில் எச்.எம்.டி. வாட்ச்சஸை மூட இந்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது.

எல்லா மணிக்கூட்டு வரலாறும் இப்படித்தான் முடியும்: குவாட்ஸ் வென்றது, பொறி தோற்றது, பிறகு ரசிகர்கள் பொறியைத் திரும்பக் கண்டெடுத்தார்கள். வடக்கில் அந்த வரலாறு அப்படி நடக்கவில்லை. பற்றரி வென்ற அதே காலத்தில் எங்கட பக்கத்துக்குப் பற்றரி வராமல் போனது.

1990 யூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதோடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், சீமெந்து, உரம் என்று நீண்ட அந்தப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. குண்டு வெடிக்கவைக்கப் பயன்படும் என்பது அரசின் காரணம். ரோச் லைற் பற்றரி முடிந்தால் வெயிலில் காயவைத்தார்கள், ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டார்கள். ரேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ. ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. இதெல்லாம் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். மணிக்கூட்டைப் பற்றி மட்டும் பெரிதாக யாரும் எழுதவில்லை. மணிக்கூட்டுக்குப் போடுகிற பொத்தான் அளவு பற்றரியும் பற்றரிதான். அது முடிந்தால் டைட்டனும் ஒன்றுதான், கையில் போடுகிற வளையலும் ஒன்றுதான்.

அப்போதுதான் அலுமாரிக்குள் இருந்த பழசுகள் வெளியே வந்தன. சாவி குடுத்தால் ஓடும், ஆட்டினால் ஓடும். சோதனைக்கு நேரம் வைத்துப் படிக்க வேண்டிய பிள்ளைக்கும், மருந்தை நேரத்துக்குக் குடுக்க வேண்டிய வீட்டுக்கும் பிந்தி ஓடுகிற மணிக்கூடு ஓடாத மணிக்கூட்டைவிட மேல். நாளுக்கு 40 செக்கன் முந்துகிறது என்பது அங்கே ஒரு குறையே இல்லை.

கசியோ எஃப்-91டபிள்யூ இந்த இடத்தில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. வந்தது 1989 இல், தடைக்கு முந்தின வருடம். ரியூசுகே மொரியாய் என்பவர் கசியோவில் சேர்ந்து வடிவமைத்த முதல் மணிக்கூடு இது. 21 கிராம் நிறை, பிளாஸ்ரிக் கூடு, எலாம், செக்கனை நூறாகப் பிரிக்கிற நிறுத்தற்கடிகாரம். விளக்கு பெயருக்குத்தான் இருக்கிறது, இருட்டில் அமத்தினால் ஒரு மூலை மட்டும் பச்சையாகும். ஆனால் ஒரு பற்றரி ஏறக்குறைய ஏழு வருடம் தாங்கும். தடை வந்த நேரத்தில் புதுசாக ஒன்று கையில் இருந்தவருக்கு ஏழு வருடம் என்பது எப்படிப்பட்ட சொத்து எண்டு யோசித்துப் பாருங்கள். இதே மணிக்கூட்டைக் கையில் கட்டியிருந்ததைக் குவாண்டனாமோ கைதிகள் சிலருக்கெதிரான சந்தேகத்துக்குரிய அடையாளமாக அமெரிக்க இராணுவம் தன் ஆவணங்களில் எழுதியது. குண்டுக்கு நேரம் வைக்கப் பழக்குவதற்கு இது குடுக்கப்பட்டதாம். உலகத்திலேயே அதிகம் பேர் கட்டுகிற மணிக்கூடுகளில் ஒன்றை வைத்து ஆளைச் சந்தேகிப்பது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் எண்டு மேற்கு நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. சோதனைச் சாவடியில் பை திறந்து காட்டிய எங்கட பெற்றோருக்கு அது விளங்கப்படுத்தத் தேவையில்லாத செய்தி.

இனி இரண்டாவது கேள்வி.

1996 இல் மழை பொய்த்தது. நீர்மின் நிலையங்களின் நீர்த்தேக்கங்கள் வற்றின. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க மே 25 அன்று இலங்கை அரசு நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. அதற்குப் பிறகு இலங்கை நேரம் கிறீன்விச்சைவிட ஆறு மணித்தியாலம் முன்னால் நின்றது. புலிகள் இதை ஏற்கவில்லை. அவர்களின் பகுதிகளில் பழைய ஐந்தரைதான் தொடர்ந்தது. மின்சாரமே இல்லாத வன்னியில் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க மணிக்கூட்டை மாற்றுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் யாருடைய ஆட்சி என்பதைக் காட்ட அது நல்ல அடையாளமாகவும் இருந்தது. இரண்டு தரப்புக்கும் அது தெரியும்.

இப்படித்தான் மன்னார் மாவட்டத்துக்குள் இரண்டு நேரம் வந்தது. தீவு இராணுவத்திடம். பெருநிலத்தில் மடு, அடம்பன் பக்கம் பெரும்பாலான காலம் புலிகளிடம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து உயிலங்குளம் பாதை திறந்தபோது, சாவடிக்கு இந்தப் பக்கம் காலை எட்டு மணி என்றால் அந்தப் பக்கம் ஏழரை. பஸ் எத்தனை மணிக்கு, கந்தோர் எத்தனை மணிக்கு, சாவடி எத்தனை மணிக்குப் பூட்டுவான் எண்டு கேட்டால், பதிலோடு சேர்த்து "பழைய நேரமா புது நேரமா?" எண்டும் கேட்க வேண்டியிருந்தது. பிபிசி தமிழோசை அந்தப் பக்கம் இரவு 9.15 க்கு, இந்தப் பக்கம் அதே செய்தி 9.45 க்கு. கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்திலும் 9.15 தான். ஒரே மாவட்டத்துச் சனத்தை விட இராமேஸ்வரத்துக்குத்தான் அடம்பனின் மணிக்கூடு பொருந்தியது.

குமிழை இழுத்து முள்ளைத் திருப்புவது ஒரு செக்கன் வேலை. கசியோவில் நாலைந்து தரம் பொத்தானை அமத்த வேணும். அடிக்கடி கடந்து போனவர்கள் சிலர் முள்ளைத் தொடாமலே மனக்கணக்கில் ஓட்டினார்கள். அப்படியென்றால் மணிக்கூட்டில் இருந்தது எந்த நேரம்? எங்கட வீடுகளில் கேட்டபோது கிடைத்த பதில்கள் ஒன்றுக்கொன்று முரண். சிலர் வீட்டு நேரம் என்றார்கள், சிலர் கந்தோர் நேரம் என்றார்கள், ஒருவர் மட்டும் "என்ர கையில எப்பவும் பழைய நேரம்தான்" எண்டு சொல்லிவிட்டு மேலே கதைக்கவில்லை.

2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த நாள், அரசு தன் நேரத்தைத் திரும்ப ஐந்தரைக்குக் கொண்டுவந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரம். அப்போது போர்நிறுத்தம் கிழியத் தொடங்கியிருந்தது. யூனில் பேசாலைத் தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்த சனம்மீது தாக்குதல் நடந்தது. மணிக்கூடுகள் ஒத்துப்போன வருடம்தான் பாதை மறுபடி அடைபட ஆரம்பித்த வருடமும்.

இந்த வரலாற்றை இப்போது எழுதுவதற்குக் காரணம், இதற்கான சாட்சியம் வேகமாகக் குறைந்துகொண்டு போகிறது. அலுமாரியே மிஞ்சாத வீடுகள் பல. 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம் மக்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களில் இருந்து போனவர்கள் கையில் கொண்டுபோக முடிந்தது கொஞ்சம். 2008 இல் மன்னார்ப் பெருநிலத்தில் இருந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள் வழியில் எதையெல்லாம் விட்டார்கள் எண்டு அவர்களே சொன்னால்தான் உண்டு. தப்பி வந்த மணிக்கூடுகளுக்கு இப்போது வேறு ஆபத்து. பழைய சீக்கோ, எச்.எம்.டி.களை வாங்கி, முகத்துக்குப் புதுப் பெயின்ற் அடித்து இணையத்தில் விற்கிறார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் முகத்தோடு பளபளக்கிற "பழைய" பைலட்டைக் கண்டால், அது எந்தத் தொழிற்சாலையும் செய்யாத பைலட்.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் முகத்தில் கை வைக்க விடாதேங்கோ. சீக்கோ என்றால் பின்மூடியில் இருக்கிற தொடர் இலக்கத்தைப் பாருங்கள். முதல் இலக்கம் செய்த வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஏழு என்றால் 1977 ஆ 1987 ஆ என்பதை மாமா வெளிநாடு போன வருடத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பிறகு திருத்துகிற ஒருவரிடம் குடுத்துப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், மினுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மணிக்கூடு திருத்துகிறவர்கள் தாங்கள் கழுவி எண்ணெய் விட்ட அடையாளத்தை மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறி வைப்பது வழக்கம். சில நேரம் தேதி, சில நேரம் கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கல். எங்களில் ஒருவரின் வீட்டுச் சீக்கோவில் அப்படி மூன்று கீறல் இருக்கிறது. ஒன்றில் மட்டும் வருடம் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது: 93. தடை இறுகியிருந்த நேரம். யாரோ ஒருவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, எங்கிருந்தோ தேடிய எண்ணெயில் ஒரு துளி விட்டு, மூடியைப் பூட்டியிருக்கிறார். யாரென்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.