வர்ணங்களின் வரலாறு – 9: டிப்பலின் பொட்டாஷ்

அல்ட்ராமரீனின் கதையைச் சென்ற இதழோடு முடித்துவிட்டபடியால், இவ்வாரம் நேரே ஸ்வீடன் தேசத்தில் மருந்துக்கடை நடத்திவந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலேயிடம் செல்வதாக இருந்தோம்; 1782-ல் பிரஷ்ய நீலத்திலிருந்து அவர் பிரித்தெடுத்த கொடிய அமிலந்தான் நம் சரித்திரத்தின் திருப்புமுனை. ஆனால் அங்கே போகும் வழியில் யோஹான் கொன்ராட் டிப்பல் நிற்கிறார். அவரை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

1673-ல் டார்ம்ஸ்டாட்டுக்கு அருகேயுள்ள ஃபிராங்கென்ஸ்டைன் கோட்டையில் பிறந்து, வேதசாஸ்திரம் பயின்று, பயின்ற சபையையே கண்டித்து நூல்கள் எழுதிப் பகை தேடிக்கொண்டு, பிறகு ரசவாதத்தில் மோகம் கொண்டு, தம்மை ‘கிறிஸ்தவ டெமாக்ரிட்டஸ்’ என்று அழைத்துக்கொண்ட அந்த மனிதர், 1704-ல் பெர்லினுக்கு வந்து சேர்ந்தார். மிருகங்களின் எலும்பையும் இரத்தத்தையும் வாலையிலிட்டு வடித்த துர்நாற்றமுள்ள எண்ணெய் ஒன்றைச் சகல வியாதிகளுக்கும் கைகண்ட ஔஷதமென்று விளம்பரம் செய்தார். 1707-ல் பெர்லினை விட்டு ஓடினார். 1711-ல் லைடன் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் டென்மார்க் அரசின் கோபத்துக்கு ஆளாகி, போர்ன்ஹோம் தீவில் ஏழாண்டு சிறையிருந்தார். 135 வயதுவரை தம்மை வாழவைக்கும் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டதாக 1733-ல் அறிவித்தவர், மறு வருஷமே காலமானார். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ நாவலுக்கு இவரே மூலம் என்று சொல்வோர் உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. நோயாளிகளின் நம்பிக்கையை விலையாக்கிய இவரை மகானென்று என்னால் கொண்டாட முடியாது. ஆயினும் பொறுமையுள்ள நூறு ரசாயனிகள் செய்யாத உபகாரத்தை, அவர் உபயோகித்துக் கழித்த பொட்டாஷ் செய்தது.

1706-ஆம் ஆண்டை ஒட்டி, டீஸ்பாக் என்ற வர்ணத் தொழிலாளி, கொச்சினீல் பூச்சியை வேகவைத்த சாற்றில் படிகாரமும் அன்னபேதியும் சேர்த்து, பொட்டாஷ் விட்டுச் சிவப்பு வர்ணத்தைப் படியவைக்க முயன்றார். கையிருப்பில் பொட்டாஷ் இல்லாததால் டிப்பலிடம் வாங்கினார். டிப்பலோ தம் எண்ணெயைப் பலமுறை சுத்தி செய்து அழுக்கேறிப்போன சரக்கைக் கொடுத்தார். சிவப்புக்கு மாறாக ஆழ்ந்த நீலம் படிந்தது; அதுவே பிரஷ்ய நீலம். இவ்வரலாற்றை நமக்குச் சொன்னவர் ஜெர்மானிய ரசாயனி ஷ்டால், அதுவும் 1731-ல்தான். இதில் என் மரியாதை முழுவதும் டீஸ்பாக்குக்கே உரியது. கெட்டுப்போன வேலையைக் கொட்டிவிடாமல், கெட்டதற்குக் காரணம் எதுவென்று கேட்டவர் அவர்.

காரணம் இதுதான். இரத்தத்திலும் எலும்பிலும் உள்ள கார்பனும் நைட்ரஜனும், பொட்டாஷாகிய க்ஷாரத்தோடு கடும் சூட்டில் கூடும்போது, பிரியாத ஜோடியாகிய சயனைடு உண்டாகிறது. அன்னபேதியின் இரும்பு அணு ஒன்றை ஆறு சயனைடுகள் கார்பன் முனையால் பற்றிக்கொள்ள, அவற்றின் நைட்ரஜன் முனைகள் வேறு இரும்பு அணுக்களைப் பற்ற, முப்பரிமாண வலை ஒன்று எழுகிறது. கார்பன் சூழ்ந்த இரும்பு இரண்டு மின்னேற்றமும், நைட்ரஜன் சூழ்ந்த இரும்பு மூன்று மின்னேற்றமும் உடையவை. சிவப்புப் பகுதியின் ஒளி, ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளத்தில் படும்போது, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு எலெக்ட்ரான் தாவுகிறது. சிவப்பு அவ்வாறு விழுங்கப்படுவதால் நீலம் மட்டும் கண்ணுக்கு வருகிறது. ஒரே உலோகம் இரு நிலைகளில் அண்டையில் நிற்பதே அந்த வர்ணத்தின் உயிர்; இரும்பு அனைத்தும் இரண்டு மின்னேற்ற நிலையிலேயே இருந்தால் கிடைப்பது வெறும் வெள்ளைப் படிவு, அது காற்றுப்பட்டால்தான் நீலமாகும். சயனைடை இரும்பு அத்தனை இறுகப் பிடித்திருப்பதால் வர்ணம் விஷமாவதில்லை. அமிலத்துக்கு அஞ்சாத அது, க்ஷாரம் பட்டால் மாத்திரம் சிதைந்துவிடும். சுண்ணாம்புச் சுவருக்கு உதவாமற்போனது அதனால்தான்.

நான் குற்றம் சொல்லவேண்டியவர் டிப்பல் அல்லர், யோஹான் லியோன்ஹார்ட் ஃபிரிஷ். பறவைகளைப் பற்றி நல்ல நூல் எழுதிய பண்டிதராயிருந்தும், நீலத்தை விற்று லாபம் கண்டு, 1708 முதல் லைப்னிட்ஸுக்கு அதைப் பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டே, செய்முறையை மட்டும் அவர் மூடிவைத்தார். 1709-லேயே பீட்டர் வான் டெர் வெர்ஃப், கிறிஸ்துவை அடக்கம் செய்யும் சித்திரத்தில் இந்நீலத்தைத் தீட்டிவிட்டார். 1710-ல் பெர்லின் அறிவியல் சங்கத்தின் வெளியீட்டில் வந்த பெயரற்ற குறிப்போ, வர்ணத்தின் குணங்களைப் புகழ்ந்துவிட்டு, ஆக்கும் வழியைச் சொல்லாமல் நின்றுவிட்டது. அந்த மௌனத்தை உடைத்தவர் ஆங்கிலேயரான ஜான் வுட்வர்ட். 1724-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில், இரத்தத்தைக் காய்ச்சும் முறையை அவர் வெளிப்படையாக அச்சிட்டதும், பிற தேசத்து ரசாயனிகளும் அதைச் செய்துபார்க்கலாயினர். இரகசியம் அவிழ்ந்தபின்பே ஆராய்ச்சி பிறக்க இடமிருந்தது. 1752-ல் பாரிஸில் ரசாயனி மாக்கேர் இந்நீலத்தைக் க்ஷாரத்தில் கொதிக்கவைத்து, இரும்பு துருவாக ஒதுங்கி நிற்க, அதோடு கூடியிருந்த ஏதோவொன்று க்ஷாரத்தோடு சென்றுவிடுவதைக் காட்டினார். அந்த ஏதோவொன்றைத் தனியே வடித்து, அதன் வாசனையையும் ருசியையும்கூடச் சோதித்துக் குறித்துவைத்த ஷீலேயை அடுத்த வாரம் சந்திப்போம்.