செத்த காலேஜும் பேச்சுத் தேர்வும்

ஐ.இ.எல்.டி.எஸ். எனும் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் அடிக்கடி தலைகாட்டும் விஷயங்களில் அருங்காட்சியகமும் ஒன்று. சின்ன வயதில் போனதுண்டா, உங்கள் நாட்டு மக்கள் போகிறார்களா, நுழைவுக் கட்டணம் வாங்குவது சரியா என்ற வகையில் கேள்விகள் வரும். கேட்பதற்கு அப்பாவிக் கேள்விகள்தான். ஆனால் யார், எங்கிருந்து, யாரைப் பார்த்துக் கேட்கிறார் என்பதில்தான் ஒரு கேள்வியின் அர்த்தம் இருக்கிறது. 'உங்கள் நாட்டு மக்கள்' என்ற சொற்சேர்க்கையைக் கவனியுங்கள். பதில் சொல்கிறவர் தன் சனங்களிடமிருந்து ஓரடி விலகி நின்று, அவர்களைப் பார்வைக்கு வைத்து, விவரித்தாக வேண்டும். அருங்காட்சியகம் பற்றிப் பேசச் சொல்லும் கேள்வி, பேசுகிறவரையே விளக்க அட்டை எழுதுகிறவராக மாற்றிவிடுகிறது. இந்த உறவுக்கு நம்மூரில் ஒரு வரலாறு உண்டு. மொழித் தேர்வும் அருங்காட்சியகமும் சென்னையில் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கின்றன.

முதலில் தேர்வைப் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பிறமொழியாளருக்கான ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வை 1913இல் முதன்முறையாக நடத்தியபோது எழுத வந்தவர்கள் 3 பேர். மூவருமே தேறவில்லை. இன்றைய ஐ.இ.எல்.டி.எஸ். 1989இல் இந்தப் பெயரோடு வந்தது. கேம்பிரிட்ஜும் பிரிட்டிஷ் கவுன்சிலும் ஆஸ்திரேலிய நிறுவனமான ஐ.டி.பி.யும் அதன் உரிமையாளர்கள். இந்தியாவில் தேர்வு நடத்தும் தன் தொழிலைப் பிரிட்டிஷ் கவுன்சில் 2021இல் ஐ.டி.பி.க்கு விற்றது. பேச்சுத் தேர்வுக்கான நேரம் 11 முதல் 14 நிமிடம். சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு அளவுகோல்கள். சொல்வது உண்மையா பொய்யா என்பதற்கு அளவுகோல் இல்லை. அருங்காட்சியகத்தின் வாசலையே மிதிக்காதவர் அதைப் பற்றி அழகாகப் பேசி 8 வாங்கலாம். ஆயுள் முழுக்க அங்கே காவலாளியாக இருந்தவர் 5இல் நின்றுபோகலாம். வாங்கிய மதிப்பெண் 2 ஆண்டுக்குப் பிறகு செல்லாது. இங்கிலாந்தில் பதிவு கேட்கும் செவிலியர் இந்தத் தேர்வின் வழியாகப் போனால் பேச்சில் 7 வாங்கியாக வேண்டும். அதாவது ஒரு குடும்பத்தின் கடன் அடைவதும் அடையாததும் இந்தக் கால் மணி நேரத்தில் இருக்கிறது.

இப்போது காலத்தில் பின்னே போவோம். 1812இல் எஃப்.டபிள்யூ. எல்லிஸ் முன்னின்று சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். கம்பெனி வேலைக்குக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்கார இளைஞர்கள் அங்கே தமிழ், தெலுங்கு முதலான மொழிகளைப் படித்தார்கள். தாண்டவராய முதலியார் போன்றோர் அங்கே ஆசிரியராக இருந்தார்கள். வரி வசூலிக்கவும் வழக்குக் கேட்கவும் சனங்களின் பேச்சு புரிய வேண்டுமல்லவா? அதற்காகத் தேர்வு வைத்தார்கள். தேர்ச்சிக்கு ஏற்ப மாதப் படி உயர்ந்தது. நன்றாகத் தேறியவருக்குப் பரிசுப் பணமும் கிடைத்தது. ஆக, தமிழ்ப் பரீட்சை எழுதிய ஆங்கிலேயர் காசு வாங்கிக்கொண்டு எழுதினார். ஆங்கிலப் பரீட்சை எழுதும் தமிழர் காசு கட்டிவிட்டு எழுதுகிறார்.

இதை வெறும் தலைகீழ் மாற்றம் என்று பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். மாறாத ஒன்றும் உண்டு. கற்பித்தவர்கள் நம் புலவர்கள். தேறினார், தேறவில்லை என்று தீர்ப்பெழுதியதோ கம்பெனி அதிகாரிகளின் குழு. பரீட்சை தமிழில் நடந்தபோதும் மதிப்பெண் போடும் அதிகாரம் தமிழனிடம் இருந்ததில்லை. மொழி இங்கிருந்து வந்தது, அளவுகோல் அங்கிருந்து வந்தது. இருநூறு வருஷத்துக்குப் பிறகு மொழியும் அங்கிருந்தே வருகிறது.

அந்தக் கல்லூரிக் கட்டிடத்தின் மாடியில்தான் 1851இல் சென்னை அருங்காட்சியகம் பிறந்தது. சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த 1100 கல் மாதிரிகள் அதன் முதல் சேகரிப்பு. பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். 1854இல் அருங்காட்சியகம் எழும்பூர் பாந்தியன் கட்டிடத்திற்கு இடம் மாறியது. மறுவருஷம் பால்ஃபர் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் சேர்க்கத் தொடங்கினார். சென்னை சனங்கள் இரண்டுக்கும் பெயர் வைத்தார்கள். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருந்த இடம் 'செத்த காலேஜ்'. மூச்சு விடுகிற விலங்குகள் இருந்த இடம் 'உயிர் காலேஜ்'. கல்லூரியில் பிறந்ததால் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்று விளக்கம் சொல்வார்கள். மிருகக்காட்சிசாலை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூருக்கும் போய்விட்டது. பெயர்கள் மட்டும் பழைய சென்னைக்காரர்களின் வாயில் நெடுநாள் இருந்தன.

இந்தப் பெயரை அறியாமை என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இது ஓர் ஆழமான விமர்சனமாகப் படுகிறது. ஒரு பொருளை அதன் ஊரிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் பிரித்துக் கண்ணாடிக்குள் வைத்தால் அது செத்துப்போகிறது என்ற உண்மையை, எந்தக் கோட்பாட்டு நூலும் படிக்காத சனம் இரண்டே சொல்லில் சொல்லிவிட்டது. 'உங்கள் நாட்டு மக்கள் அருங்காட்சியகத்துக்குப் போகிறார்களா?' என்ற கேள்விக்குள் போவதில்லை என்ற ஊகம் பதுங்கியிருக்கிறது. போனார்கள். காணும் பொங்கலன்று கூட்டம் கூட்டமாகக் கட்டுச்சோற்றோடு போனார்கள். போய்ப் பார்த்து, பெயரும் வைத்துவிட்டு வந்தார்கள்.

பார்க்கப் போனவர்களையே பார்வைக்குப் பொருளாக்கியதும் அங்கே நடந்தது. 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் கையில் அளவுகருவியோடு தலைகளையும் மூக்குகளையும் அளந்தார். அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களும் தப்பவில்லை. மூக்கின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு சாதிகளுக்கு அட்டவணை போட்டார். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் 7 தொகுதிகளாக அவர் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் இன்றும் நம் ஆய்வேடுகளில் மேற்கோளாக உலவுகிறது. மூக்கை அளந்தவரிடம் நாம் எதையும் கேட்கவில்லை. நாக்கை அளப்பவரிடம் கேட்கவும் வழியில்லை. அவருக்கு வகுத்த வரிசையில் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஒரு வித்தியாசம் உண்டு: மூக்கை நீட்டியவருக்குப் பேச இடமில்லை. தேர்வறையில் இருப்பவர் பேசத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

என்ன பேசலாம்? அமராவதியை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணைக் கரையின் அந்தப் பௌத்தத் தூபியை 1845இல் தோண்டிக் கற்பலகைகளைச் சென்னைக்கு அனுப்பியவர் வால்டர் எலியட். இவர் யார்? 1821இல் சென்னைக்கு வந்து, அதே கோட்டைக் கல்லூரியில் தமிழும் இந்துஸ்தானியும் படித்து, தேறி, பரிசும் வாங்கியவர். மொழித் தேர்வில் தேறிய கைதான் பின்னால் மண்ணைத் தோண்டியது. கற்கள் சென்னையில் சில ஆண்டுகள் திறந்த வெளியில் வெயில் காய்ந்தன. 1859இல் 121 கற்களை லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே அவை ஒரு வண்டிக் கொட்டகையில் கிடந்ததை 1867இல் ஃபெர்குசன் கண்டெடுத்தார். 1880இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. எஞ்சியவற்றில் ஒரு பகுதி எழும்பூரில் இருக்கிறது. லண்டனில் இருப்பவற்றுக்கு வெகுகாலம் 'எலியட் சலவைக்கற்கள்' என்றே பெயர். செதுக்கியவனுக்கும் கும்பிட்டவனுக்கும் பெயரில்லை. தோண்டியவருக்குப் பெயர் இருக்கிறது. ஆதிச்சநல்லூரிலும் இதே கதைதான். 1876இல் யாகோர் அள்ளிப்போனவை பெர்லினில், பின்னால் அலெக்சாண்டர் ரீ தோண்டியவை எழும்பூரில்.

விஷயம் இலக்கணத்துக்கு வந்து நிற்கிறது. உலகத்து அருங்காட்சியக அட்டைகளுக்கெல்லாம் பிரியமான வினை செயப்பாட்டுவினை. 'கண்டெடுக்கப்பட்டது, கொண்டுவரப்பட்டது, சேர்க்கப்பட்டது' என்று எழுதுவார்கள். செய்தவன் யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. ஆங்கிலப் பயிற்சி நிலையங்களும் இதே செயப்பாட்டுவினையை இலக்கண வீச்சுக்கு அடையாளம் என்று பிள்ளைகளுக்குப் பழக்குகின்றன. நம்முடைய பேச்சுத் தமிழில் இந்தப் 'படு' அவ்வளவாக ஓடுவதில்லை. 'எடுத்துட்டுப் போயிட்டான்' என்போம். யாரென்று தெரியாவிட்டாலும் 'எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்' என்போம். தெரியாத இடத்திலும் ஓர் எவனைக் கொண்டுவந்து நிறுத்துகிற பேச்சு இது. அருங்காட்சியகத்தின் மொழி எழுவாயை ஒளிக்கிறது. தெருவின் மொழி எழுவாயைக் கேட்கிறது.

இதனால் ஆங்கிலத்தை ஒதுக்கு, தேர்வை எரி என்று சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்கிறவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்கெனவே விமானம் ஏறிவிட்டார்கள். தஞ்சாவூரிலும் நாகர்கோவிலிலும் இரவுப் பணி முடித்து வந்து, தூக்கக் கலக்கத்தோடு மாதிரி விடைகளை உருப்போடும் செவிலிப் பெண்ணுக்கு நம் கோபம் சோறு போடாது. அவர் உருப்போடுவது என்ன? அருங்காட்சியகங்கள் நம் பாரம்பரியத்தைப் பாதுகாக்கின்றன, வருங்காலத் தலைமுறைக்குப் பயன்படுகின்றன என்ற நாலு வாக்கியம். உருப்போட்ட விடையை மோப்பம் பிடிக்கப் பரீட்சகருக்குப் பயிற்சி உண்டு. ஆகவே அந்த நாலு வாக்கியம் வரலாற்றுக்கும் உதவாது, மதிப்பெண்ணுக்கும் உதவாது.

உண்மைக்கு மதிப்பெண் இல்லை என்றால் உண்மையைச் சொல்லத் தடையும் இல்லை. அந்த இடைவெளியில் நாம் வேலை செய்யலாம். ஊர் ஊராக இலவசமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செத்த காலேஜின் கதையைப் பாடமாக வைக்கலாம். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று விளக்க இறந்தகாலம் வேண்டும். கல் எந்த வழியாகப் போனது என்று சொல்லக் கோர்வை வேண்டும். திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல நிபந்தனை வாக்கியம் வேண்டும். தேர்வு கேட்பதெல்லாம் இதில் அடங்கிவிடும். செயப்பாட்டுவினையையும் கற்றுக்கொடுக்கட்டும். கூடவே, கற்களை யார் கொண்டுபோனார்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எலியட் என்றும் கம்பெனி என்றும் எழுவாயோடு சொல்லப் பழக்கட்டும். ஆங்கிலத்திலும் அதற்கு இடமிருக்கிறது.