போர்க்காயமுற்ற படைவீரரும் துடுப்பு விளையாட்டுகளும்

போரில் உடலுறுப்பையோ மன அமைதியையோ இழந்த படைவீரர்கள் கயாக், கனோ, துடுப்புப் படகு ஆகியவற்றைச் செலுத்தப் பழகி உடல்வலுவும் தோழமையும் பெறும் புனர்வாழ்வு முறை. இரண்டாம் உலகப் போர்க்கால மருத்துவமனை விளையாட்டிலிருந்து கிளைத்து, 21ஆம் நூற்றாண்டில் தனித்துறையாக வளர்ந்தது.

தோற்றம்

1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுக் காயப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் லுட்விக் குட்மன், படுக்கையோடு முடிந்துவிடும் என்று கைவிடப்பட்ட வாழ்க்கைகளை விளையாட்டால் மீட்க முனைந்தார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்று, அங்கே சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 முன்னாள் படையினர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினர். பராலிம்பிக் விளையாட்டுகளின் வித்து இதுவே. துடுப்புப் படகோட்டம் 2008 பீஜிங்கிலும், கனோ 2016 ரியோவிலும் அதில் இடம்பெற்றன.

பதக்கத்தை நோக்காத இன்னொரு கிளை அமெரிக்காவில் முளைத்தது. 2004இல் கயாக் ஓட்டியான ஆசிரியர் ஜோ மோர்னினி, வாஷிங்டனின் வோல்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயமுற்றோருக்கு கயாக் கற்பிக்கும் முயற்சியைத் தொடங்கினார். ‘டீம் ரிவர் ரன்னர்’ என்ற அமைப்பாக அது பிற நகரங்களுக்கும் பரவியது. பார்வையிழந்த முன்னாள் கடற்படை வீரர் லொனி பெட்வெல், 2013இல் தோழர்களின் குரலை வழிகாட்டியாகக் கொண்டு கிராண்ட் கன்யன் வழியே கொலராடோ ஆற்றைக் கயாக்கில் கடந்தார்.

செயற்படும் விதம்

கயாக்கில் உடலின் பாரத்தைப் படகு தாங்குகிறது; உந்துவிசை தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் பிறக்கிறது. அதனால் காலிழந்தவரும் மற்றவருக்கு இணையாகச் செல்ல முடிகிறது. பாரா துடுப்புப் படகோட்டத்தில் வீரர்கள் மூன்று பிரிவினர்: தோளும் கையும் மட்டும் பயன்படுத்துவோர், உடற்பகுதியையும் சேர்த்துப் பயன்படுத்துவோர், கால்களையும் ஓரளவு பயன்படுத்துவோர். முதற் பிரிவினரின் படகில் நகராத இருக்கையும், உடலை நிறுத்தும் பட்டைகளும், கவிழாமல் காக்கும் மிதவைகளும் உண்டு.

மனவடுவுக்கு இதன் துணை வேறுவகையானது. நீரோட்டத்தைக் கவனித்துத் துடுப்பு வலிப்பவரின் சிந்தை கண்முன் உள்ளதில் நிலைக்கிறது. இருவர் படகில் ஒருவரது வேகத்துக்கு மற்றவர் இசைந்தாக வேண்டும். படையணியை விட்டு வந்தபின் இழந்த கூட்டுறவு அங்கே மீள்கிறது. மருந்துக்கும் உளவளத்துணைக்கும் இது மாற்றல்ல, அவற்றோடு சேர்ந்து நிற்பது.

இந்தியாவில்

1965 இந்திய-பாகிஸ்தான் போரில் சுடப்பட்ட படைவீரர் முரளிகாந்த் பேட்கர், நீச்சலைச் சிகிச்சையாகப் பழகி, 1972 ஹைடல்பேர்க் பராலிம்பிக்கில் 50 மீற்றர் நீச்சலில் தங்கம் வென்றார். காயமுற்ற இந்தியப் படைவீரருக்கு நீர் திறந்த முதற் பெருவழி அது. அவ்வழியைத் துடுப்புக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் ஆந்திரத்தைச் சேர்ந்த நாராயண கொங்கணபள்ளி. 2015இல் ஜம்மு காஷ்மீரில் கண்ணிவெடியில் இடக்காலை இழந்த அவர், புனேயில் படகோட்டம் பழகினார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் அனிதாவுடன் கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்று, 2024 பாரிஸ் பராலிம்பிக்கிலும் பங்கேற்றார்.

இலங்கையிலும் ஊவாவிலும்

இலங்கையில் 1983 முதல் 2009 வரை நீண்ட போர் பல்லாயிரம் பேரைக் காயப்படுத்தியது. ராகமையில் 1985இல் நிறுவப்பட்ட ‘ரணவிரு செவன’ காயமுற்ற படையினரின் முதன்மைப் புனர்வாழ்வு நிலையம். 2021இல் நடந்த டோக்கியோ பராலிம்பிக்கில் மகேஷ் ஜயக்கொடி ஒற்றையர் துடுப்புப் படகோட்டத்தில் நாட்டின் சார்பில் இறங்கினார்.

இலங்கையின் ஊவா மாகாணத்துக்கும் படைவாழ்வுக்கும் பழைய தொடர்பு உண்டு. அங்குள்ள தியத்தலாவையில் 1900இல் போயர் போர்க்கைதிகள் முகாம் அமைந்தது. இன்று அது இராணுவப் பயிற்சித் தலம். ஊவாவின் பதுளை மாவட்டத்திலுள்ள ஸ்பிரிங்வெளியைச் சூழ்ந்த மலைகளில் பாயும் ஓடைகள் பழகுநர் படகுக்கு ஏற்றவையல்ல. ஆனால் அதே மாவட்டத்தின் மஹியங்கனையில் சொரபொர வாவி அகன்று கிடக்கிறது. துடுப்பு விளையாட்டை இங்கே வேரூன்றச் செய்வதற்குத் தேவை தகுந்த படகுகள், மிதவையங்கிகள், பயிற்றுநர்கள், மலைத்தோட்ட லயக் குடியிருப்பிலிருந்து வாவிக்கரை வரை போக்குவரத்து. சீருடையணிந்தவர், எதிர்த்தரப்பில் போரிட்டவர், கண்ணிவெடியில் காலிழந்த பொதுமகன் எனக் காயப்பட்ட எவருக்கும் அந்தப் படகில் இடமிருக்க வேண்டும். ஸ்டோக் மண்டெவிலின் படையினர் விளையாட்டு எல்லா மாற்றுத்திறனாளிகளுக்குமான பராலிம்பிக்காக விரிந்த வரலாறு, அவ்வாறு கதவைத் திறப்பது இயலும் என்பதற்குச் சான்று.