மன்னார்ப் பாரும் சிப்பிக்குஞ்சின் கண்புள்ளியும்

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளைவிட நடவாத ஆண்டுகளே மிகுதி. பார் எனப்படும் கடலடித் திட்டுகளில் ஓராண்டு செறிந்து கிடந்த இளஞ்சிப்பிகள், மறுபருவத்தில் சுழியோடிகள் இறங்கிப் பார்க்கும்போது ஒன்றுமின்றி மறைந்திருக்கும். கரையிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவிலுள்ள பெரிய பாரில், 1880க்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் குறைந்தது 11 முறை குஞ்சுகள் படிந்தும் ஒருமுறைகூடக் குளிப்பு நடைபெறவில்லை.

இதன் காரணத்தை ஆராய 1902இல் வந்த லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனும் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலும், தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் பெரிய பாரை அரித்துச் செல்வதைக் கண்டு, அங்குள்ள குஞ்சுகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றும்படி பரிந்துரைத்தனர். நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சுற்றியே முத்து விளைகிறது என்ற அவர்களது கருத்துப் பின்னர் மறுக்கப்பட்டது; நிலைத்த மதிப்புடையது அந்தப் பரிந்துரையே. 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட, மறு ஆண்டே பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு நிறுவனத்திடம் விடப்பட்டன. 1907க்குப் பின் அந்நிறுவனத்திற்கு விளைச்சலே கிடைக்கவில்லை.

சிப்பிக்குஞ்சின் கரிய கண்புள்ளிக்கு வருமுன், நிறமிக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கலாம். ஹெர்ட்மன் வந்த அதே 1902இல் பிரான்சின் லூசியன் குவெனோ, சுண்டெலிகளின் நிறம் மெண்டலின் விதிப்படி மரபுவழி வருவதை நிறுவினார். மெலனின் என்னும் கரு நிறமியை ஆக்கும் டைரோசினேஸ் நொதிக்குரிய மரபணு சடுதிமாற்றத்தால், அதாவது மரபுப்பொருளில் நேரும் மாற்றத்தால், பழுதுபட்டால், எலியின் மயிர் வெளுப்பதோடு நிறமியற்ற கண்ணில் குருதியின் சிவப்பும் தெரிகிறது. 1942இல் பவுலா ஹெர்ட்விக் விவரித்த எலிகளிலோ ஒரே மரபணுவின் மாற்றம் நிறத்தை அழித்துக் கண்ணையும் சிறுக்கவைத்தது. டைரோசினேஸ் வகை மரபணுக்கள் மன்னாரின் முத்துச்சிப்பி இனத்திலும் உள்ளன. அங்கே அவை ஓடு உருவாவதில் பங்கேற்கின்றன என்பது வியப்புக்குரியது.

அச்சிப்பியின் குஞ்சை முழுமையாக வளர்த்துப் பார்க்கும் வாய்ப்பு எதிர்க்கரையான தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பொரிப்பகத்தில், 1981இல் கைகூடியது. நீந்தித் திரியும் குஞ்சுக்குச் சுமார் 15ஆம் நாளில், ஒரு மில்லிமீட்டரின் ஐந்திலொரு பங்கேயான அதன் ஓட்டினூடே, ஒரு கரிய கண்புள்ளி தென்படுகிறது. அடுத்துக் கால் முளைக்க, மூன்றாம் வார இறுதியளவில் அது ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அதுவரை நீரோட்டம் இழுத்த திசையிலெல்லாம் அது செல்வதால், தாய்ச்சிப்பி கிடந்த பாரிலேயே குஞ்சும் படியும் என்பதற்கு உறுதியில்லை. பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளைத் தூத்துக்குடிப் பார்களில் விடும் முயற்சி 1985இல் தொடங்கியது.