போறதா, விடுறதா? 1973இன் ஓர் இரட்டையர் கிண்ணம்

கம்பஸ் கன்ரீனில் எங்களுக்குள்ளே முடியாத வாக்குவாதம் ஒன்று இருக்கு. கிரிக்கெட் போட்டி நடக்கிற நாளில் யாராவது ஒருத்தர் தொடங்குவார்: "விளையாட்டுக்குள்ள ஏன் அரசியலைக் கொண்டு வாறியள்?" உடனே மற்றப் பக்கத்தில் இருந்து, "அது எப்ப வெளியில இருந்தது?" என்று பதில் வரும். தேத்தண்ணி ஆறிப்போகும், வாக்குவாதம் ஆறாது. அந்த வாக்குவாதத்துக்குள் இந்த முறை ஒரு டென்னிஸ் கதையைக் கொண்டு வருவோம்.

தென்னாபிரிக்க ஓப்பன் டென்னிஸ் போட்டியின் வெற்றியாளர் பட்டியலில், 1973ஆம் ஆண்டுக்கு நேரே, ஆண்கள் இரட்டையர் பிரிவில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஆர்தர் ஆஷ், டொம் ஒக்கர். ஒக்கர் நெதர்லாந்தைச் சேர்ந்த வெள்ளையர். ஆஷ் அமெரிக்கக் கறுப்பர். போட்டி நடந்த இடம் ஜொகன்னஸ்பேர்க்கின் எல்லிஸ் பார்க். கறுப்பரும் வெள்ளையரும் எங்கே வாழலாம், எங்கே படிக்கலாம், யாரைக் கலியாணம் கட்டலாம் என்பதையெல்லாம் சட்டம் தீர்மானித்த நாடு அது.

ஆஷுக்கு இந்தக் கதை புதிது இல்லை. 1943இல் அமெரிக்காவின் தெற்கில், வேர்ஜினியா மாநிலத்து ரிச்மண்ட் நகரத்தில் பிறந்தவர். அப்பா கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட ஒரு பூங்காவைப் பராமரித்தவர். மகன் பந்தடித்துப் பழகியது அங்கேதான். வெள்ளையர் பூங்காவின் டென்னிஸ் திடல்கள் அவருக்கு மூடியே இருந்தன. 1968இல் அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டியில் ஆஷ் தோற்கடித்தது இதே ஒக்கரைத்தான். ஆஷ் அப்போது அமெச்சூர் வீரர் என்பதால் பரிசுப்பணம் எடுக்க முடியாது. 14,000 டொலர் தோற்ற ஒக்கருக்குப் போனது. வென்றவருக்குக் கிடைத்தது நாளுக்கு 20 டொலர் செலவுக்காசு. ஐந்து வருஷம் கழித்து இவர்கள் இரண்டு பேரும் வலையின் ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்தது லேசான காரியம் இல்லை. 1969இலும் 1970இலும் தென்னாபிரிக்க அரசு ஆஷுக்கு விசா மறுத்தது. 1970இல் டேவிஸ் கிண்ணப் போட்டியிலிருந்தும் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தும் அந்த நாடு வெளியேற்றப்பட்டது. தனித்துப்போன அரசுக்கு உலகத்திடம் காட்ட ஒரு நல்ல முகம் தேவைப்பட்டது. 1973இல் விசா கிடைத்ததை இந்தப் பின்னணியில்தான் நாங்கள் பார்க்க வேண்டும். ஆஷுக்கும் அது விளங்காமல் இல்லை. அவர் சில நிபந்தனைகள் வைத்தார். பார்வையாளர் இருக்கைகள் நிறம் பார்த்துப் பிரிக்கப்படக் கூடாது. "கௌரவ வெள்ளையர்" என்ற பட்டம் தனக்கு வேண்டாம். விரும்பிய இடத்துக்குப் போகவும், நினைத்ததைப் பேசவும் தடை இருக்கக் கூடாது.

"போகாதே" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நீ போனால் அந்த ஆட்சிக்கு வெள்ளை அடிச்ச மாதிரி ஆகிவிடும் என்பது அவர்களுடைய வாதம். அதில் நியாயம் இருக்கு. ஆஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனார்.

ஒற்றையர் இறுதியில் ஜிம்மி கொனர்ஸிடம் நேர் செட்களில் தோற்றார். இரட்டையர் இறுதியில் ஆஷும் ஒக்கரும் எதிர்கொண்டது லியூ ஹோட், பொப் மோட் இணையை. ஹோட் இரண்டு முறை விம்பிள்டன் ஒற்றையர் வென்ற அவுஸ்திரேலியர். மோட் உள்ளூர்க்காரர். நான்கு செட்களில் ஆட்டம் முடிந்தது. தென்னாபிரிக்க ஓப்பன் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார் ஆஷ்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் சோடி சேர்ந்து கிண்ணம் தூக்கினார்கள், சரி. அந்த இரண்டு பேருமே வெளிநாட்டவர். உள்ளூர்க் கழகத்தில் ஒரு கறுப்பு இளைஞன் வெள்ளை இளைஞனோடு சோடி சேர்ந்து ஆட அன்று வழியில்லை. விருந்தாளிக்குத் திறந்த கதவு வீட்டுக்காரனுக்குத் திறக்கவில்லை.

அப்ப அந்தப் பயணம் வீணா? அலெக்ஸாண்ட்ரா என்ற வறிய குடியிருப்பிலிருந்து ஆஷைப் பார்க்க வந்த ஒரு சிறுவன் இருந்தான். மார்க் மத்தபானே. எவருக்கும் தலை குனியாமல் நடக்கிற ஒரு கறுப்பரைக் கண்டது அவனை உலுக்கியது. டென்னிஸ் புலமைப்பரிசில் பெற்று 1978இல் அமெரிக்கா போனான். 1986இல் அவன் எழுதிய சுயசரிதை, அந்த ஆட்சிக்குள் வளர்வது எப்படி என்பதை உலகம் முழுக்கக் கொண்டு போனது. ஒரு கிண்ணத்தால் சட்டம் மாறவில்லை. ஒரு பிள்ளை மாறினான்.

அடுத்த வருஷமே இதற்கு நேர்மாறான பதில் ஒன்றும் வந்தது. 1974 டேவிஸ் கிண்ண இறுதிக்கு வந்தவை இந்தியாவும் தென்னாபிரிக்காவும். இந்திய அணியில் மெட்ராஸ் சகோதரர்கள் ஆனந்த் அமிர்தராஜ், விஜய் அமிர்தராஜ் இருந்தார்கள். 1976 விம்பிள்டனில் இரட்டையர் அரையிறுதி வரை போன சோடி அது. இந்திய அரசு விளையாட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. இந்தியா இன்றுவரை அந்தக் கிண்ணத்தை வென்றதில்லை. பகிஷ்கரிப்பு என்றால் இதுதான், கையில் வரக்கூடியதை விடுறது.

எங்கட நாட்டுக்கும் இதில் ஒரு பக்கம் இருக்கு. 1982இல் பந்துல வர்ணபுர தலைமையில் ஒரு கிரிக்கெட் அணி, தடையை மீறி தென்னாபிரிக்கா போனது. அதே ஆண்டுதான் அவர் இலங்கையின் முதல் டெஸ்ட் தலைவராக ஆடியிருந்தார். போனவர்களுக்கு 25 வருஷத் தடை விதிக்கப்பட்டது. ஆஷும் போனார், அவர்களும் போனார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஒருவர் நிபந்தனையோடு போனார், மற்றவர்கள் ஒப்பந்தத்தோடு போனார்கள்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது ஆஷ் பிறகு செய்ததுதான். "நான் போனது சரிதான்" என்று அவர் காலம் முழுக்கப் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1976இல், ஆபிரிகான்ஸ் மொழியில் படிக்கச் சொன்னதை எதிர்த்த சொவெட்டோ மாணவர்கள் மீது பொலிஸ் சுட்டது. மெல்ல மெல்ல ஆஷ் பகிஷ்கரிப்பின் பக்கம் வந்தார். 1983இல் பாடகர் ஹரி பெலபொன்ரேயோடு சேர்ந்து, கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் தென்னாபிரிக்காவைப் புறக்கணிக்கக் கோரும் அமைப்பைத் தொடங்கினார். 1985 ஜனவரியில் வொஷிங்டனில் தென்னாபிரிக்கத் தூதரகத்துக்கு முன் நடந்த போராட்டத்தில் கைதானார். ஒருகாலம் விசா கேட்டு நின்ற அரசின் வாசலில், கைவிலங்கோடு.

1993 பெப்ரவரியில் ஆஷ் இறந்தார். எல்லாத் தென்னாபிரிக்கரும் வாக்களித்த முதல் தேர்தல் 1994 ஏப்ரலில் நடந்தது. பதினான்கு மாதம் பிந்திவிட்டது.

கன்ரீன் வாக்குவாதத்துக்கு இதில் முடிவு கிடைக்குமா தெரியாது. ஆனால் அடுத்த முறை "போகலாமா, கூடாதா" என்று யாராவது தொடங்கினால், நாங்கள் வேறு கேள்விகளையும் கேட்கப்போகிறோம். யார் கூப்பிட்டது? யாருக்கு அந்தப் படம் தேவை? போய் வந்த பிறகு வாய் திறந்தார்களா?