அலைக்கு முதல் போடுவது யார்?

கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் பத்திரிகை அலுவலகங்களுக்கு வந்து சேர்கின்றது. இத்துறையில் முடி நரைத்த என் போன்றோர் அதன் கடைசிப் பந்தியை வாசிக்காமலே சொல்லிவிடுவோம். தொழில்நுட்பம் தயார், நிதிதான் கிடைக்கவேண்டும் என்று அது முடியும். ஒவ்வொரு முறையும் நாட்டின் பெயர் மாறும், இயந்திரத்தின் பெயர் மாறும். அந்த வாக்கியம் மட்டும் மாறுவதில்லை.

கண்டியில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். கடல் எங்களுக்கு நெடுந்தொலைவு. ஆனால் நீரை மின்சாரமாக்குவதற்குப் பணம் தேடிய வரலாறு இலங்கையில் வேறெங்கையும்விட இந்த மலைகளில்தான் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அலையின் கதையை விளங்கிக்கொள்வதற்கு மகாவலியும் களனி கங்கையின் மேலாறுகளும் போதும்.

நீர், அலை, கடற்பெருக்கு ஆகிய மூன்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. டீசல் மின்நிலையத்தை மலிவாகக் கட்டிவிடலாம்; செலவு பின்னர் எரிபொருளாக ஆண்டாண்டு வந்துகொண்டிருக்கும். நீரின் கணக்கு நேர்மாறானது. எரிபொருளுக்குச் சதமும் இல்லை. ஆனால் முதல் அலகு மின்சாரம் பிறப்பதற்கு முன்பே ஏறத்தாழ முழுச் செலவையும் கொட்டியாக வேண்டும். ஆகவே அத்தகைய திட்டத்தின் தலைவிதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பொறியியலாளரின் வரைபடமன்று. கடன் கொடுப்பவர் யார், என்ன வட்டிக்கு, எத்தனை ஆண்டு பொறுப்பார் என்பதே.

டி. ஜே. விமலசுரேந்திர இதைத் தம் வாழ்நாளையே விலையாகக் கொடுத்து அறிந்தவர். 1874ஆம் ஆண்டு காலியில் பிறந்த அவர், குடியேற்ற அரசின் பொதுவேலைத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்தார். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்ற இடத்தில் சிறிய நீர்மின் நிலையமொன்றை அமைத்து, மலைநீரால் ஒரு நகரத்துக்கு விளக்கேற்ற முடியும் என்று காட்டினார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரையை வாசித்தார். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றின் வீழ்ச்சியைப் பயன்படுத்தினால் நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை உள்நாட்டிலேயே பெறலாம் என்பது அதன் சாரம். அக்கட்டுரை நீரைப் பற்றியது என்பதைவிடப் பணத்தைப் பற்றியது என்பதே சரி. தலைப்பிலேயே பொருளாதாரம் இருந்தது.

மேலிடத்தில் வரவேற்பு இருக்கவில்லை. 1920களின் நடுவில் ஒருவாறு வேலை தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அதன் பின் வந்தது உலகப் பொருளாதார மந்தம். சேவையிலிருந்து ஓய்வு பெற்ற விமலசுரேந்திர, 1931இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, பொறியியலாளராகச் சொல்லிக் கேளாததை அரசியல்வாதியாக நின்று சொன்னார். 1938இல் வேலை மீண்டும் தொடங்கியது. மறு ஆண்டே யுத்தம். ஈற்றில் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது ஆண்டு 1950. கட்டுரை வாசித்து 32 ஆண்டுகள். 1953இல் அவர் மறைந்தார். நோர்ட்டன் பிரிஜ்ஜில் இருக்கும் மின்நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த 32 ஆண்டுகளில் நீர் மாறவில்லை, மலை மாறவில்லை. நீர்ச்சுழலி என்ற இயந்திரமும் புதியதன்று. தேயிலைத் தோட்டத்துரைமார் தம் தொழிற்சாலைகளுக்கு ஓடைநீரில் சுழலி பூட்டி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. துரைக்குத் தன் தொழிற்சாலைக்கு வேண்டிய பணம் கிடைத்தது. நாட்டுக்கு வேண்டிய பணம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

அடுத்த காட்சி இதற்கு முற்றிலும் மாறானது. 30 ஆண்டுகளில் செய்து முடிப்பதற்கென வரையப்பட்ட மகாவலித் திட்டத்தை, 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் 6 ஆண்டுகளுக்குள் சுருக்கத் துணிந்தது. உள்நாட்டுக் கருவூலத்தை நம்பி எவரும் அவ்வாறு துணியமாட்டார்கள். வெளிநாடுகள் வரிசையில் வந்தன. விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா. அணைக்கு ஒரு நாடு என்று பிரித்துக்கொண்டது போலத் தோன்றும். விக்டோரியாவுக்கு மட்டும் பிரித்தானியா வழங்கிய நன்கொடை 10 கோடி பவுணுக்கு மேல். 122 மீற்றர் உயரம், 210 மெகாவாட் கொள்ளளவு. 1985 ஏப்ரலில் மார்கரெட் தட்சர் நேரில் வந்து திறப்பு விழாவில் கலந்துகொண்டார்.

அந்தத் தாராளத்துக்குக் காரணம் இருந்தது. வடிவமைத்தவர்களும் பிரித்தானியர், கட்டிய கம்பனிகளும் பிரித்தானியாவினுடையவை. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி கட்டளைகளாகக் கொடுத்தவரிடமே திரும்பிச் சென்றது. கொத்மலையில் சுவீடனின் ஸ்கன்ஸ்கா. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை; அணை நிற்கிறது, மின்சாரம் வருகிறது. ஆனால் நிதி எப்போது ஓடிவருகிறது என்பதற்கு இது நல்ல பாடம். கட்டத் தெரிந்த பெரிய கம்பனிகள் வேலை தேடி நிற்கும் தொழில்நுட்பத்துக்கு அரசுகளின் கை தாராளமாக நீளும். அப்படிக் கம்பனிகள் இல்லாத தொழில்நுட்பத்துக்கு நீளாது.

முதலின் இன்னொரு பாதியைப் போட்டவர்கள் வேறு. பழைய தெல்தெனிய நகரமும் அதைச் சூழ்ந்த வயல்களும் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் உள்ளன. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது அத்திவாரங்கள் தலைகாட்டும். கண்டியிலிருந்து மக்கள் வேடிக்கை பார்க்கப் போவார்கள், நாங்களும் புகைப்படம் வெளியிடுவோம். கொத்மலையில் கடதொர விகாரையின் இடிபாடுகளும் அவ்வாறே எழும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நீர்த்தேக்கங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், மலையகத் தமிழரின் லயன்கள் பலவற்றுக்கு மின்சாரம் வந்து சேர மேலும் நெடுங்காலம் ஆனது. இந்தச் செலவு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் வட்டியோடு எழுதப்பட்டதில்லை.

இனிக் கடலுக்கு வருவோம். விக்டோரியாவில் கொங்கிரீட் எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், பிரித்தானியா தன் சொந்தக் கடலலைக்குப் பணம் கொடுப்பதைப் பெருமளவில் நிறுத்திக்கொண்டது. 1973இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சோல்ட்டர் உருவாக்கிய மிதவை, வாத்தைப் போல் அலையில் தலையாட்டுவதால் 'சோல்ட்டரின் வாத்து' எனப் பெயர் பெற்றது. ஆய்வுத் தொட்டியில் அது அலையின் சக்தியில் வியக்கத்தக்க பங்கைப் பற்றிப் பிடித்தது. 1982இல் அரசாங்கம் அலைசக்தித் திட்டத்தைக் கைவிட்டது. அலகொன்றின் விலை அதிகம் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்தச் செலவுக் கணக்கே பிழையானது என்ற சர்ச்சை பின்னர் பல ஆண்டுகள் நீடித்தது. ஒரே அரசாங்கம், ஒரே காலம். தேர்ந்த தொழில்நுட்பத்துக்கு அயல்நாட்டில் பெருங்கொடை; தேறவேண்டிய தொழில்நுட்பத்துக்கு உள்நாட்டில் கைவிரிப்பு. தேறுவதற்குக் கடலில் இறக்கிப் பார்க்கவேண்டும், இறக்குவதற்குப் பணம் வேண்டும், பணம் கேட்டால் முதலில் தேறி வா என்பார்கள்.

நமக்கு அண்மையில், பாக்கு நீரிணைக்கு அப்பால், இதை இறக்கியே பார்த்தார்கள். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்பை ஒட்டிச் சென்னை ஐ.ஐ.டி. பொறியியலாளர்கள் பெரும் கொங்கிரீட் பெட்டியொன்றைக் கடலடியில் அமர்த்தினார்கள். அலை உள்ளே ஏறும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று மேலே தள்ளப்படும். இறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும். எப்பக்கம் வீசினாலும் ஒரே திசையில் சுற்றும் வெல்ஸ் சுழலி அதை மின்சாரமாக்கும். 1991இல் 150 கிலோவாட் கொள்ளளவுடன் அது இயங்கத் தொடங்கியது. உலகில் அவ்வகையில் முன்னோடியான சிலவற்றுள் அது ஒன்று என்பது தமிழ் வாசகர் பலருக்கும் புதிய செய்தியாக இருக்கலாம்.

அது தோற்றது என்று சொல்வது அநியாயம். தென்மேற்குப் பருவக்காற்றில் நன்றாக ஓடியது. மற்ற மாதங்களில் அலை இளைத்தது, மின்சாரமும் இளைத்தது. பின்னர் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அதைப் பொறுப்பேற்று, அதே மின்சாரத்தால் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனையும் செய்தது. ஆனால் அடுத்த கட்டம் வரவில்லை. ஒன்று கட்டினால் அது மாதிரி. பத்துக் கட்டினால்தான் விலை இறங்கும். பத்துக்கு முதல் போட எவரும் இல்லை. 2011இல் நிலையம் மூடப்பட்டது.

கடற்பெருக்கின் கணக்கு இன்னும் கடினமானது. மேற்கு வங்காளத்தின் சுந்தரவனத்தில் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டார்கள். மதிப்பீடு 238 கோடி இந்திய ரூபாய்க்கு ஏறியது. மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 63 கோடி! கைவிட்டார்கள். குஜராத்தில் 50 மெகாவாட் திட்டமும் அதே வழியில் போயிற்று. ஸ்கொத்லாந்தின் பெலாமிஸ் நிறுவனம் 2008இல் போர்த்துக்கல் கடலில் மூன்று இயந்திரங்களை இறக்கியது. சில மாதங்களில் பழுதென்று கரைக்கு இழுத்து வந்தது. அதற்குள் பணம் போட்ட நிறுவனம் உலக நிதி நெருக்கடியில் சரிந்துவிட்டது. 2014இல் பெலாமிஸும் முடிந்தது. மறுபுறத்தில் பிரான்சின் ரான்ஸ் நதிமுகத்தில் 1966இல் கட்டிய 240 மெகாவாட் நிலையம் இன்றும் ஓடுகிறது. போட்ட முதல் எப்போதோ திரும்பிவிட்டது. அதைக் கட்டியது பொறுமையுள்ள ஓர் அரசு. தனியார் முதலீட்டாளரின் ஐந்தாண்டுப் பொறுமைக்குள் ரான்ஸ் அடங்கியிராது.

அரசின் பெருங்கொடையும் வேண்டாம், தனியாரின் அவசரமும் வேண்டாம் என்ற மூன்றாவது வழியொன்று உண்டா? உண்டு என்பதற்கு எங்கள் தேயிலை மலைகளே சாட்சி. தேசிய மின்கம்பி மலிவாக வந்தபோது தோட்டங்களின் பழைய சுழலிகள் பல துருப்பிடிக்க விடப்பட்டன. 1990களில் அவற்றுக்கு உயிர் வந்தது. 1996இல் டிக்ஓயாவில் ஒரு மெகாவாட்டுக்கும் குறைந்த தனியார் நிலையமொன்று தேசிய மின்கட்டமைப்புடன் இணைந்தது. 1997இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய திட்டம், உள்ளூர் வங்கிகளின் ஊடாக நீண்டகாலக் கடன் கொடுத்தது. அதைவிட முக்கியமானது, மின்சார சபை ஒரே மாதிரியான ஒப்பந்தத்தில் பல ஆண்டுகளுக்கு மின்சாரத்தை வாங்கிக்கொள்ள உடன்பட்டமை. ஒப்பந்தத்தைக் காட்டினால் வங்கி கடன் கொடுத்தது. ஓடைக்கு ஓடை சிறு நிலையங்கள் முளைத்தன. சில அருவிகள் வற்றின என்ற முறைப்பாட்டையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

இலங்கைக் கரையில் கடற்பெருக்கு ஒரு மீற்றரும் இல்லை. ரான்ஸ் இங்கே ஆகாது. ஆனால் தென்கரைக்குத் தென்சமுத்திரத்தின் நீண்ட அலை ஓயாமல் வருகிறது. அலை நிலையத்துக்கு அங்கே இடமுண்டு. அதற்கு வேண்டியது மலையகத்தின் சிறு நீர்மின்னுக்குக் கிடைத்தது போன்ற நீண்ட ஒப்பந்தமும் பொறுமையான கடனும். 2022இல் நாடு கடன் தவணை கட்டமுடியாது என்று அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. எரிபொருள் வாங்க டொலர் இருக்கவில்லை. எரிபொருளே வேண்டாத மின்சாரத்தின் அருமை அன்று சிறுபிள்ளைக்கும் விளங்கியது. அதே நாட்களில், எரிபொருளின்றி ஓடிக்கொண்டிருந்த சிறு நீர்மின் நிலையக்காரர்களுக்கு மின்சார சபை பல மாதக் கொடுப்பனவைப் பாக்கி வைத்திருந்தது. வங்கித் தவணைக்கு அவர்கள் திண்டாடினார்கள். அடுத்த அலைத் திட்டத்துக்கான கடன் விண்ணப்பத்தை எந்த வங்கி முகாமையாளர் கையில் எடுத்தாலும், அந்தப் பாக்கிப் பட்டியல்தான் முதலில் அவர் நினைவுக்கு வரும்.